அம்பாசடரின் இடது கன்னம்

கண்ணாடி உடையவில்லை. ஹெட்லைட் கண்ணாடியைச் சொல்கிறேன். அந்த நாளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் கண்ணில் வருவது அதுதான்.

கோட்டைப்பட்டினத்தில், மீன் ஏலக்கூடத்துக்குப் போகிற தார்ரோடு மணலில் முடிகிற இடம். வெயில் சாய்ந்திருந்தது. பழுது பார்ப்பதற்காகக் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு நாட்டுப்படகின் மூக்கில், க்ரீம் கலர் அம்பாசடர் ஒன்று தன் இடது கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. அரிசி மூட்டையைத் தோளிலிருந்து இறக்கிப் போட்டால் ஒரு சத்தம் வருமே, அவ்வளவுதான். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஹாஜிரா. என் சிநேகிதன் கரீமின் மனைவி. அவருக்குப் பக்கத்தில் நான், வலது காலால் தரையை ஓங்கி மிதித்தபடி. என்னுடைய டிரைவிங் ஸ்கூல் வண்டியில் அந்த இடத்தில் எனக்கென்று ஒரு பிரேக் இருக்கும். அம்பாசடரில் வெறும் கால்மிதிதான் இருந்தது. அதை மிதித்து எந்த வண்டி நின்றிருக்கிறது?

ஹாஜிராவின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இல்லை. தலையில் இருந்தன. புழுக்கத்தில் தோளுக்கு நழுவிவிட்ட முக்காட்டை இழுத்து, இரண்டு காதுக்கும் பின்னால் செருகிக்கொண்டிருந்தார். பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பாங்குச் சத்தம் காதில் விழுந்ததும் தலையை மூடுவது அந்த ஊர்ப் பெண்களுக்கு மூச்சு விடுவது மாதிரி. அடுப்படியில் நின்றாலும், மீன் ஆய்ந்துகொண்டிருந்தாலும் கை தானாகத் தலைக்குப் போய்விடும். கார் ஓட்டிக்கொண்டிருந்தாலும் போய்விடும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவருக்கும்தான்.

பாங்கு முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் அசையவில்லை. அப்புறம் ஹாஜிரா நேராகப் பார்த்தபடியே கேட்டார்.

"மாஸ்டரண்ணே, இடிச்சிட்டேனா?"

"லேசாத்தான் தங்கச்சி."

"லேசுன்னா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற லேசா, வீட்லயே தைலம் தேய்க்கிற லேசா?"

இறங்கிப் பார்த்தேன். ஆஸ்பத்திரி லேசுதான். இடது மட்கார்டு, பிசைந்த மாவில் முழங்கையை ஊன்றினதுபோல ஹெட்லைட்டைச் சுற்றி உள்ளே அமுங்கியிருந்தது. பம்பரின் முனை மடங்கிப் போயிருந்தது. விளக்கைச் சுற்றியிருக்கும் பளபளப்பு வளையம் வட்டத்தை விட்டு முட்டையாகிவிட்டது. ஆனால் உள்ளே இருந்த கண்ணாடி, ஒன்றும் நடக்காததுபோல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

படகுக்காரி நாகம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தார். முதலில் படகைத் தடவினார். பிறகு காரைப் பார்த்தார். பிறகு ஹாஜிராவை.

"ஏத்தா ஹாஜிரா! கரையில கவுந்து கெடக்குற படகுலயே வந்து முட்டுறியே, ஒன்னையக் கடல்ல விட்டா சிலோன்ல போயித்தான் நிப்ப போலருக்கே!"

"படகுக்கு ஒண்ணும் ஆகலயே மதினி?"

"படகுக்கு என்ன, அது எம்புட்டோ அலையப் பாத்தது. ஒன் வீட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்லப் போற? அதச் சொல்லு மொதல்ல."

அதுதான் கேள்வி. கரீம் அடுத்த வாரம் வருகிறான். வந்ததும் அந்தக் காரை விற்கப் போகிறான். விற்க விடக்கூடாது என்பதற்காகத்தான் ஹாஜிரா ஓட்டவே கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்ட லட்சணம் இதோ படகில் சாய்ந்து நிற்கிறது.

சுண்டிப் பார்க்கிற ஆள்

போன வாரம் இந்தப் பத்திரிகையில் என் டிரைவிங் ஸ்கூலுக்குப் பெயர்ப்பலகை எழுதிய கதையைச் சொன்னேன். இப்போது சொல்லப்போவது அதற்கும் முந்திய காலம். நானும் கரீமும் அறந்தாங்கி டாக்சி ஸ்டாண்டில் வண்டி கழுவிக் கழுவியே ஓட்டப் பழகினவர்கள். எங்களுக்கு மாஸ்டரும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது. வண்டிக்காரர் டீ குடிக்கப் போனால் நாங்கள் ரிவர்ஸ் எடுத்துப் பார்ப்போம். அவர் வடையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஸ்டாண்டை ஒரு சுற்றுச் சுற்றிவிடுவோம்.

எனக்கு வாய் நீளம். கரீமுக்குக் கை நீளம். தப்பாக நினைக்காதீர்கள், அவன் கைக்கு ஒரு விசேஷம் உண்டு. எந்தக் காரையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, நடுவிரல் முட்டியால் அங்கங்கே சுண்டிப் பார்த்தே அதன் வரலாற்றைச் சொல்லிவிடுவான். சந்தையில் பானை வாங்குகிற பெண்கள் சுண்டிப் பார்ப்பார்களே, அதேதான்.

கார் அடிபட்டால் தகரத்தைப் பொறுமையாகத் தட்டி நிமிர்த்த வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் பள்ளத்தில் களிம்பு மாதிரி ஒன்றை அப்பி, காய்ந்ததும் தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்துவிடுவார்கள். அதற்குப் பட்டி என்று பெயர். கண்ணுக்குத் தெரியாது. காதுக்குத் தெரியும். நல்ல தகரம் 'டங்' என்னும், பட்டி வைத்த இடம் 'தொப்' என்னும். பழைய கார் வாங்குகிறவர்கள் கரீமைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சுண்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். விற்கிறவர்கள் அவன் வருவதைப் பார்த்தாலே, "இந்தாளு எதுக்குய்யா இங்கிட்டு வாராரு?" என்று முகத்தைத் தூக்கிக்கொள்வார்கள்.

"தகரம் பேசும்டா. பட்டி முனகும்" என்பான். நான் மனிதர்கள் சொல்வதையெல்லாம் மனதில் சேர்த்து வைக்கிறவன். கரீம் அதிகம் பேசமாட்டான். அதனால் அவன் சொன்னது ஒன்றும் எனக்குத் தவறவில்லை.

பிறகு அவன் வளைகுடாவுக்குப் போனான். பெரிய வீடொன்றில் டிரைவர். முதல் விடுமுறையில் வந்தபோது, புதுக்கோட்டையில் ஒரு டாக்டர் வீட்டில் நின்ற இந்த அம்பாசடரைச் சுண்டிப் பார்த்து வாங்கினான். உடம்பெங்கும் 'டங்'. ஸ்டியரிங்குக்குக் கீழேயே கியர், முன்பக்கம் ஒரே நீளச் சீட்டு, பால் ஆடை நிறம். வாங்கிய அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

அதன்பிறகு எல்லா விடுமுறையும் ஒரே மாதிரிதான். ஊருக்கு வந்து இறங்கினால் பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்னால் கொட்டகைக்குப் போய்ப் படுதாவை விலக்குவான். காரைச் சுற்றி வந்து ஒரு சுண்டல் வரிசை. எல்லாம் சரியாக இருந்தால்தான் வீட்டுக்குள் வருவான். "எம் மகன் பொறந்தத பாக்க வந்தப்பக்கூட மொதல்ல அதத்தான் பாத்தாக" என்று ஹாஜிரா சொல்வார். கோபமாகத்தான் சொல்வார். சொல்லிவிட்டுச் சிரிப்பார்.

ஒரு தடவை எங்கள் குடும்பத்தையும் அவர்கள் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு கொடும்பாளூர் மூவர் கோயிலுக்குப் போனோம். எத்தனை பேர் ஏறினோம் என்பதைப் பத்திரிகையில் எழுத முடியாது. போய்ச் சேர்ந்ததும் கரீம் குதித்து இறங்கி, ஓடி வந்து பின்கதவைத் திறந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றான். அங்கே முதலாளியம்மாவுக்குத் திறந்து திறந்து பழகிப்போன கை. உள்ளேயிருந்து இறங்கினது என் மனைவி, கையில் புளிசோற்றுத் தூக்கோடு. எல்லோரும் சிரித்துவிட்டோம். கரீம் மட்டும் கதவைப் பிடித்தபடி, எதற்குச் சிரிக்கிறார்கள் என்று முழித்துக்கொண்டு நின்றான்.

பின் சீட்டில் படித்த பாடம்

இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்னால், படகில் முட்டுவதற்குச் சில மாதம் முந்தி ஒரு நாள், ஹாஜிரா என் டிரைவிங் ஸ்கூல் வாசலில் வந்து நின்றார்.

"மாஸ்டரண்ணே, எனக்கு லைசென்சு வேணும்."

"எதுக்கு தங்கச்சி, இந்த வயசுல?"

"வயசானவுகதான டாக்டர்ட்ட போகணும்? யாரு கூட்டிட்டுப் போறது?"

உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். விஷயம் மெதுவாக வந்தது. கரீமுக்குச் சர்க்கரை. அது கண்ணில் இறங்கிவிட்டது. ஓரம் தெரிகிறது, நடு மங்குகிறது. இனி ஓட்டக் கூடாது என்று அங்கேயே டாக்டர் சொல்லிவிட்டார். கணக்கு முடித்துக்கொண்டு, நாலைந்து மாதத்தில் மொத்தமாக ஊருக்கு வருகிறான். போனில் அவன் மனைவியிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதானாம்.

"வண்டிய வித்துரு புள்ள. ஓட்ட முடியாத வண்டியத் தெனமும் பாத்துக்கிட்டு என்னால உக்கார முடியாது."

காரைக்குடிப் பக்கம் ஒரு ஹோட்டல்காரரிடம் அவனே பேசியும் முடித்துவிட்டான். பழங்கால வண்டியை ஹோட்டல் வாசலில் காட்சிக்கு நிறுத்துவார்களாம். கரீம் வந்து சேர்ந்ததும் அவர்கள் வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு.

"ஓடுற வண்டிண்ணே அது. பக்கத்துல பூத்தொட்டிய வச்சு, வர்ற போறவன் சாஞ்சு நின்னு போட்டோ எடுக்கவா?" என்றார் ஹாஜிரா. "வண்டி போச்சுன்னா அவுக வீட்டுக்குள்ளயே சுருண்டுருவாக. எனக்குத் தெரியும். நான் ஓட்டுறேன், அவுக பக்கத்துல உக்காரட்டும். ஏர்போர்ட்டுக்கே நான் எடுத்துட்டுப் போயி நிப்பேன். அதப் பாத்தா விக்க மாட்டாக."

என் ஸ்கூலுக்கு எத்தனையோ விதமான மனிதர்கள் வந்திருக்கிறார்கள். ஒரு டீச்சரம்மா ஹாரன் அடிக்கும்போதெல்லாம், "மன்னிச்சுக்கங்க" என்று வாயாலும் சொல்வார். ஒரு ரைஸ்மில்காரர் வளைவு வந்தால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுத் தன் உடம்பை வளைப்பார். "நான் திரும்பிட்டேன், வண்டிதான் திரும்பல" என்று என்னிடமே புகார் வேறு. ஹாஜிரா மாதிரி ஒருவரை நான் பார்த்ததில்லை. முதல் நாளே கியர் தப்பவில்லை. எப்படி என்று கேட்டேன்.

"அவுக என்னையப் பின்னாடிதான் உக்கார வப்பாக. முன்னாடி இஞ்சின் சூடு அடிக்கும்பாக. பின்னாடி உக்காந்து நான் வேற எதப் பாக்குறது? அவுக கையத்தான் பாத்துக்கிட்டு வருவேன்."

ஆக, வருஷக்கணக்காகப் பின்சீட்டில் உட்கார்ந்து படித்திருக்கிறார். எனக்குத்தான் தெரியாமல் போய்விட்டது.

லைசென்ஸ் வந்துவிட்டது. ஸ்கூல் வண்டியில் சர்க்கஸ்கூடச் செய்வார். ஆனால் அம்பாசடர் வேறு ஜாதி. கனம், நீளம், ஸ்டியரிங் வெட்டினால் யோசித்துத்தான் திரும்பும். அதனால் கோட்டைப்பட்டினத்தில் சாயங்கால வேளைகளில் பழகினோம். அந்தப் பழக்கத்தில்தான் படகு குறுக்கே வந்தது. படகு வரவில்லை, சரி. நாங்கள்தான் போனோம்.

சின்னக்கண்ணு பட்டறை

அறந்தாங்கியில் டிங்கர் பட்டறை வைத்திருக்கும் சின்னக்கண்ணுவைப் பற்றி ஒரு வார்த்தை. அடக்கம் என்றால் என்ன விலை என்று கேட்கிற ஆள். "எங்கிட்ட வந்துட்டுப் போன வண்டி கண்ணாடியில மூஞ்சியப் பாத்தா, அதுக்கே அடையாளம் தெரியாது மாஸ்டர்" என்பார். பாதி நிஜம்.

வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை. நெருங்கி நின்று, இடது மட்கார்டைக் குழந்தையின் கன்னத்தைப் போலக் கிள்ளினார்.

"அறை வாங்கிருக்கு. யாரு அடிச்சது?"

"படகு" என்றேன்.

"படகா? ரோட்டுல படகு எங்கிட்டுருந்து வந்துச்சு?"

"அதெல்லாம் பெரிய கத. வேலையப் பாருங்க."

ஹாஜிரா முன்னால் வந்தார். "அண்ணே, ஒண்ணு மட்டும் சொல்லிட்டேன். பட்டி வைக்கக் கூடாது. ஒரு பொட்டுக்கூட."

"எல்லாரும் பட்டிய வச்சு சீக்கிரம் குடும்பாக. நீங்க என்ன இப்படிச் சொல்றீக?"

"எங்க வீட்டுக்காரரு சுண்டிப் பாப்பாக."

சின்னக்கண்ணு என்னைப் பார்த்தார். "யாரு, கரீம் பாயா? ஐயோ, அந்தாளா! எங்கப்பாரு பட்டறைக்கு முன்னாடி வந்து நின்னாலே எங்கப்பாரு உள்ள போயிருவாரே!" பிறகு ஹாஜிராவிடம் குனிந்து, "அவரு ஒங்களப் பாக்க வாராரா, வண்டியப் பாக்க வாராரா?"

"மொதல்ல வண்டியத்தான் பாப்பாக. எப்பவும் அப்படித்தான்."

வேலை தொடங்கியது. பம்பரைக் கழற்றி ஒரு பக்கம் போட்டார்கள். ஹெட்லைட்டைக் கிண்ணத்தோடு எடுத்தார்கள். ஹாஜிரா அதை வாங்கித் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்தார். வீட்டுக்குப் போகச் சொன்னால் போகவில்லை. அம்பாசடர் மட்கார்டு போல்ட் போட்டு மாட்டினது. போல்ட்டுகள் உப்புக்காற்றில் இறுகிப்போய், மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்துத்தான் அசைந்தன. கழற்றிக் கவிழ்த்தால், உள்பக்கம் கெட்டித்த சேறு. அந்தச் சேற்றைச் சுரண்டும்போது எனக்குத் தோன்றியது, இதில் கொடும்பாளூர் மண்ணும் கொஞ்சம் இருக்கும் என்று.

மணல் மூட்டையின்மேல் மட்கார்டைக் கிடத்தி, மரச்சுத்தியலால் உள்ளிருந்து தட்டத் தொடங்கினார் சின்னக்கண்ணு. நான் நடுவிலிருந்து தட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஓரத்திலிருந்து தொடங்கினார்.

"கடைசியா மடங்குனத மொதல்ல எடுக்கணும் மாஸ்டர். போன வழியிலயே திரும்பி வரச் சொன்னாத் தகரம் கேக்கும். குறுக்கு வழி காட்டுனா வீம்பு பண்ணும்."

மரச்சுத்தியல் போய் இரும்புச் சுத்தியல் வந்தது. அடியில் இடது கையால் ஒரு இரும்புக் கட்டையை முட்டுக் கொடுத்துக்கொண்டு, மேலே 'டிக் டிக்' என்று தாலாட்டுகிற மாதிரித் தட்டினார். இழுபட்டு விரிந்த இடத்தில் சூடு காட்டி, ஈரத்துணியால் ஒற்றினார். 'சொய்ங்' என்று ஆவி கிளம்பும். விரிந்த தகரம் சுருங்கி உட்காரும். பள்ளம் மெல்ல மெல்ல மேலே வந்தது. நடுநடுவே ஹாஜிரா எழுந்து வந்து, விரல் முட்டியால் சுண்டிப் பார்ப்பார். 'டங்.' போய் உட்காருவார். சின்னக்கண்ணு பல்லைக் கடித்தபடி என்னிடம் சொன்னார், "ஒரு கரீம் பாயிக்கே எங்கப்பாரு ஓடுனாரு. எனக்கு ரெண்டு."

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது ஓரிடத்தில் சுத்தியல் நின்றது. ஹெட்லைட்டுக்குக் கீழே, சின்ன விளக்கு உட்காருகிற குழிக்குப் பக்கத்தில்.

"தங்கச்சி, இங்கிட்டு வாங்க. இதுக்கு மேல தட்டுனா ஓட்ட விழுந்துரும். உப்புக்காத்து தின்ன எடம். அப்பளம் மாதிரி இருக்கு பாருங்க. கட்டவெரல் அகலத்துக்குப் பட்டி வச்சாத்தான் நிக்கும்."

"வேணாம்ணே."

"வெட்டி எடுத்துட்டுப் புதுத் தகரம் வச்சு ஒட்டலாம். ஆனா நீங்க சொன்ன நாளுக்குள்ள முடியாது."

ஹாஜிரா குனிந்து அந்த இடத்தைப் பார்த்தார். கரீம் வருகிற நாள் நெருங்கிவிட்டது. வண்டி இல்லாமல் போய் ஏர்போர்ட்டில் நிற்கவும் முடியாது. கையிலிருந்த ஹெட்லைட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "கட்டவெரல்னா ஒங்க கட்டவெரலா, என் கட்டவெரலா?" என்று கேட்டார்.

"ஒங்களோடதுதான்."

"சரி. வைங்க."

கட்டின பல்

பெயிண்ட் அடித்த பிறகு வேறொரு வம்பு வந்தது. நிறத்தை வண்டியிலிருந்தே பார்த்துத்தான் கலந்தார்கள். வெயில் படாத டிக்கி மூடியின் உள்பக்கத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, க்ரீமில் மஞ்சள் ஒரு சொட்டு, கறுப்பு ஒரு துளி என்று சின்னக்கண்ணு வைத்தியர் மாதிரி கலந்தார். நிறம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் காய்ந்து, மட்கார்டை மாட்டிப் பார்த்தால், அந்த இடது கன்னம் மட்டும் பளபள என்று சிரித்தது. மீதி வண்டி வெயிலிலும் உப்பிலும் வெளுத்துப்போய்ச் சுண்ணாம்புச் சுவராக நின்றது.

"கெழவன் வாயில ஒத்தப் பல்லுக் கட்டுன மாதிரி இருக்கே" என்றேன்.

"இத மங்க வைக்கலாம். தேச்சுப் பழசாக்கிரலாம்" என்றார் சின்னக்கண்ணு.

"வேணாம்" என்றார் ஹாஜிரா. "மத்ததப் புதுசாக்குவோம்."

தேய்க்கிற கம்பவுண்டு டப்பாவை வாங்கிக்கொண்டு வண்டியை ஊருக்குக் கொண்டுவந்து, வீட்டு வாசல் வேப்ப மரத்தடியில் நிறுத்தினோம். கம்பவுண்டைத் துணியில் தொட்டு வட்டமாகத் தேய்க்க வேண்டும். தேய்த்தால் செத்த பெயிண்ட் உரிந்து, அடியில் இருக்கும் உயிருள்ள பெயிண்ட் வெளியே வரும். கை ஒடிகிற வேலை. நானும் ஹாஜிராவும் பானெட்டைக்கூட முடிக்கவில்லை, அதற்குள் நாகம்மா வந்துவிட்டார். அவரைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள். பழைய சட்டை, கிழிந்த லுங்கி, குழந்தைக்குக் கட்டின தூளித் துணி என்று ஆளுக்கொரு துணி.

"கடலுக்குப் போற படகுக்கே இம்புட்டுத் தேய்ப்புக் கெடையாது" என்றார் நாகம்மா. "என்னைய ஒருக்கா ராமேஸ்வரம் கூட்டிட்டுப் போயிரணும், இப்பவே சொல்லிட்டேன்."

"போவோம் மதினி."

"நீ ஓட்டுவியா?"

"நாந்தான் ஓட்டுவேன்."

"அப்பப் படகு இல்லாத வழியாப் பாத்துப் போ."

சிரிப்பும் பேச்சுமாகத் தேய்த்தார்கள். ஒருத்தி தன் மகன் இதே வண்டியில்தான் முதன்முதலாக ஏர்போர்ட்டுக்குப் போனான் என்றாள். இன்னொருத்தி, தனக்குத் தலைப்பிரசவ வலி வந்தபோது கரீம் ஓட்டின வேகத்தைச் சொன்னாள். பின்கதவுப் பக்கம் தேய்த்தவள் வேறு எங்கும் நகர மாட்டேன் என்றாள், அந்தக் கதவு வழியாகத்தான் புதுப்பெண்ணாக இறங்கினாளாம். பிற்பகல் அசர் தொழுகைக்குப் பெண்கள் கலைகிற நேரத்தில் வண்டி முழுக்கப் பால் ஆடை நிறத்தில் நின்றது. டாக்டர் வீட்டு வாசலில் நான் பார்த்த அதே நிறம். எது பழைய கன்னம், எது புதுக் கன்னம் என்று எனக்கே தெரியவில்லை.

ஹாஜிரா மட்டும் குனிந்து, சின்ன விளக்குக்குப் பக்கத்தில் ஒரு தடவை சுண்டினார். 'தொப்.' நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் பேச்சை மாற்றினேன்.

ஏர்போர்ட்டில்

திருச்சி வரைக்கும் அவர்தான் ஓட்டினார். எனக்குத் தரையை மிதிக்கிற வேலை அதிகம் வரவில்லை.

கரீம் தள்ளுவண்டியோடு வெளியே வந்தான். மெலிந்திருந்தான். முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணின் ஓரத்தால் கூட்டத்தைத் தேடினான். எங்களைக் கண்டதும் என் தோளைப் பிடித்துக்கொண்டான். மனைவியின் கையையும் ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டான். பிறகு கேட்டான்.

"வண்டி எங்கடா?"

ஹாஜிரா என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

காரின் பின்னாலிருந்து தொடங்கினான். உள்ளங்கையால் டிக்கியைத் தடவினான். "தேச்சிருக்கீங்க" என்றான். குரலில் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. பின்மட்கார்டு, 'டங்'. பின்கதவு, 'டங்'. முன்கதவு, 'டங்'. அவன் விரல் ஒவ்வொரு முறை சுண்டும்போதும் ஹாஜிராவின் கை சேலை நுனியை முறுக்கியது. இடது கன்னத்துக்கு வந்தான். மேலே 'டங்'. ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் 'டங்'. சின்னக்கண்ணுவை மனதுக்குள் வாழ்த்தினேன். கீழே போனான்.

'தொப்.'

விரல் அங்கேயே நின்றது. இன்னொரு தடவை சுண்டினான். சுற்றிலும் சுண்டி, அந்தத் 'தொப்'புக்கு எல்லை கட்டினான். ஹாஜிராவின் கட்டைவிரல் அகலம்தான்.

"எங்கடா இடிச்ச?" என்றான் என்னைப் பார்த்து.

நான்தான் இடித்தேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் இரண்டு நாள் திட்டிவிட்டு விட்டிருப்பான். அதற்குள் ஹாஜிரா முன்னால் வந்துவிட்டார்.

"அவுக இல்ல. நாந்தான்."

"நீயா?"

"நாந்தான் இடிச்சேன். இங்கிட்டு ஓட்டிட்டு வந்ததும் நாந்தான். லைசென்சு இருக்கு. வண்டிய விக்க வேணாங்க. நீங்க பக்கத்துல உக்காருங்க, நான் ஓட்டுறேன்." மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். யோசித்து வைத்திருந்தது இதைவிட நீளமாக இருந்திருக்கும். வந்தது இவ்வளவுதான்.

 தள்ளுவண்டிகள் எங்களைச் சுற்றிக்கொண்டு போயின. யாரோ யாரையோ கட்டிக்கொண்டு அழுதார்கள். கடைசியில் கரீம் கேட்டான்.

"எப்படி இடிச்ச?"

"பாங்கு சொன்னாக. ரெண்டு கையையும் விட்டுட்டேன்."

"ரெண்டு கையையுமா?"

"முக்காடு நழுவியிருந்துச்சு."

அவன் குனிந்து ஹெட்லைட் கண்ணாடியை நகத்தால் தட்டினான். விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவினான்.

"கண்ணாடி பழசுதானா?"

"பழசுதாங்க."

"அப்ப மெதுவாத்தான் போயிருக்க" என்றான்.

பிறகு அவன் கால் பழகின பக்கம் போனது. காரின் முன்னால் சுற்றிக்கொண்டு வலது கதவுக்குப் போய்க் கைப்பிடியில் கையை வைத்தான். வைத்த பிறகுதான் நினைவு வந்திருக்க வேண்டும். அப்படியே நின்றான். என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. பெட்டியை எடுத்து டிக்கியில் வைக்கப் போனேன்.

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கரீம் டிரைவர் கதவைத் திறந்து, கதவைப் பிடித்துக்கொண்டு, கொடும்பாளூரில் நின்ற அதே மாதிரி நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தான்.

"ஏறு" என்றான் மனைவியிடம்.

நான் பின்சீட்டில், ஹாஜிராவின் பழைய இடத்தில் உட்கார்ந்தேன். வண்டி மாத்தூரைத் தாண்டியது. கரீமின் வலது கால் அடிக்கடி தரையை மிதித்தது. எனக்குத் தெரிந்த வலி அது. அவன் போன் அடித்தது. காரைக்குடி ஹோட்டல்காரர்.

"ஆமாங்க, வந்துட்டேன். இல்லீங்க, அது இப்ப விக்கிறதுக்கில்ல. கோவிச்சுக்காதீங்க. வீட்ல ஓட்டுறாக."

ஹாஜிரா சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆனால் அவர் தோள் இறங்கியதைப் பின்னாலிருந்து பார்த்தேன். பின்சீட்டில் உட்கார்ந்தால் அதெல்லாம் தெரிகிறது.

குளத்தூர்ப் பக்கம் வரும்போது நடுப்பகல். ஜன்னல் காற்றில் அவருடைய முக்காடு நழுவித் தோளில் கிடந்தது. எங்கோ வயல்களுக்கு அந்தப் பக்கமிருந்து பாங்குச் சத்தம் வந்தது.

ஹாஜிராவின் விரல்கள் ஸ்டியரிங்கில் அசைந்தன. அசைந்து, மறுபடி இறுகின.

கரீம் அந்த நீளச் சீட்டில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான். கையை நீட்டித் தடவி, முக்காட்டைக் கண்டுபிடித்து, அவர் தலைமேல் இழுத்துவிட்டான். இடது காதுக்குப் பின்னால் செருகினான். வலது காதுக்கு எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்ந்து அதையும் செருகினான்.

"ரோட்டப் பாரு" என்றான்.